லயத்துக்குத் திரும்பும் சிப்பாய்: விண்போர் நாவல் எழுதத் தொடங்குவோருக்கு

வேற்றுக்கிரகப் போர் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாயைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். என்ன ஆயுதம், எதிரிக்கு எத்தனை கை, கப்பலுக்கு என்ன பெயர் என்று நோட்டுப் புத்தகம் நிரம்பிவிடும். நாற்பது பக்கம் போனபின் சிப்பாய் ஊருக்கு வருவான். அங்கே எழுத ஒன்றும் இருக்காது. அம்மா அழுவாள், அவன் வானத்தைப் பார்ப்பான், கதை நின்றுவிடும்.

இந்த வகை நாவலில் முதலில் போட வேண்டியது உறவுக் கணக்கு. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்தவனுக்கு வயது மெதுவாக ஏறும், ஊருக்கு வேகமாக ஏறும். அந்த வித்தியாசம் தமிழ்க் குடும்பத்தில் வந்து விழும் இடம் முறை. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது, யார் மடியில் யாருக்குக் காது குத்துவது, யார் யாருக்குக் கொள்ளி வைப்பது என்பதெல்லாம் கலைந்துபோகும். கணக்கைச் சரியாகப் போட்டால் காட்சிகள் அதிலிருந்தே வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஊராக மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தையும் அதன் லயத்தையும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளையும், வைத்துக்கொள்கிறேன். ஈப்போவிலிருந்து ரயில் வரும் ஊர், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் கண்ட மண். 1948 ஜூன் 16-ஆம் நாள் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டதும்தான் மலாயாவில் அவசரகாலம் என்று பெயர்பெற்ற, கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடான போர் பிறந்தது. போர் என்றால் என்னவென்று இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் ஊர் கூலிமோ பந்திங்கோ லாபிஸோ என்றாலும் கீழே வரும் கணக்கு மாறாது.

முதல் படி: நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

தூரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நமக்குப் பஞ்சாங்கத்திலேயே பெயர்கள் இருக்கின்றன. திருவோணம், அதாவது ஆல்டேர், 16.7 ஒளியாண்டு. சுவாதி, ஆர்க்டூரஸ், ஏறத்தாழ 36.7. ரோகிணி, ஆல்டெபரான், ஏறத்தாழ 65. சித்திரை, அதாவது ஸ்பைக்கா, 250 ஒளியாண்டு அளவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்பினால் திரும்பி வருகிறவனை அடையாளம் காண ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். உறவு நாவலுக்கு அது உதவாது.

நான் திருவோணத்தைப் பரிந்துரைக்கிறேன். போய் வந்தால் ஒரு தலைமுறை கடந்திருக்கும், ஆனால் நினைவு வைத்திருப்பவர்கள் உயிரோடு இருப்பார்கள். சிப்பாயின் ஜாதக நட்சத்திரமும் திருவோணமாகவே இருக்கலாம். கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போது ஐயர் நட்சத்திரம் கேட்பார். அம்மா பதில் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்கு மொத்தக் கதையின் கனமும் வந்துவிடும்.

அடுத்தது கப்பல். புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கப்பல் புறப்பட்ட நொடியிலிருந்தே ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில் ஓடுவதாக எழுதுவது. மனித உடம்பு தாங்கும் முடுக்கத்தில் அந்த வேகத்தை எட்டவே கப்பல் கடிகாரத்தில் இரண்டரை ஆண்டு பிடிக்கும். எளிய வழி, கப்பல் முழுப் பயணமும் 1 ஜி முடுக்கத்தில் போவதாக வைப்பது. பூமி நம்மைத் தரையோடு பிடித்துவைக்கும் அதே விசை அது. பாதித் தூரம் வரை வேகம் கூட்ட வேண்டும், நடுவில் கப்பலைத் திருப்பி மீதிப் பாதியில் வேகம் குறைக்க வேண்டும். உச்சத்தில் ஒளிவேகத்தில் 99.5 விழுக்காடு வரும். எடையின்றி மிதந்தால் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை விழுக்காடு தேயும். இந்தக் கப்பலில் அந்தத் தொல்லை இல்லை, சிப்பாய் தன் காலில் நடந்தே இறங்குவான்.

கணக்கு இப்படி: தூரத்தை ஒளியாண்டில் எடுத்து 1.94-ஆல் வகுத்து 1 கூட்டுங்கள். வந்த எண்ணுக்கு ஹைப்பர்போலிக் கொசைனின் தலைகீழ்ச் சார்பைக் கால்குலேட்டரில் எடுங்கள். பல கைப்பேசிகளில் கால்குலேட்டரைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் அந்தப் பொத்தான் தெரியும். விடையை 1.94-ஆல் பெருக்கினால் ஒருவழிப் பயணத்துக்குக் கப்பலில் கழியும் ஆண்டுகள் கிடைக்கும். ஊரில் கழியும் ஆண்டுகளுக்குத் தூரத்தோடு 1.8 அல்லது 1.9 கூட்டினால் போதும்.

திருவோணத்துக்குப் போட்டால் ஒருவழிக்குக் கப்பலில் 5.7 ஆண்டு, ஊரில் 18.5 ஆண்டு. அங்கே ஓராண்டு போர். போய் வந்து சேர ஊரில் 38 ஆண்டு ஆகியிருக்கும், சிப்பாய்க்கு ஏறத்தாழ பன்னிரண்டரை. சுவாதி என்றால் ஒருவழிக்கே கப்பலில் 7.1-க்கு ஊரில் 38.6 என்று ஆகிவிடும்.

இந்தக் கப்பலுக்கு எரிபொருள் எங்கிருந்து வரும் என்று கேட்டால் நேர்மையான பதில் கிடையாது. ஒரு நாவலுக்கு ஒரு பொய் அனுமதி, அதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் சுத்தமாக இருந்தால் வாசகர் அந்த ஒன்றை மன்னிப்பார். வேகம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன என்று இரண்டாவது பொய்யைச் சேர்த்தால் தங்கச்சியின் வயது உடைந்துபோகும்.

இரண்டாம் படி: வயதுத் தாள்

பெரிய தாள் ஒன்றை எடுத்து நெட்டாக இரண்டு கோடு போடுங்கள். ஊர் ஆண்டு ஒரு பத்தி, சிப்பாயின் வயது ஒரு பத்தி, வீட்டில் நடந்தது ஒரு பத்தி. எழுதி முடிக்கும்வரை இந்தத் தாள் சுவரில் இருக்கட்டும்.

சிப்பாய் புறப்படும்போது அவனுக்கு 20, தங்கைக்கு 15, அம்மாவுக்கு 42 என்று வையுங்கள். திரும்பும்போது அவனுக்கு 32, தங்கைக்கு 53. அம்மா இருந்தால் 80. பத்தாம் ஆண்டில் தங்கைக்கு மகன் பிறந்திருந்தால் அவனுக்கு இப்போது 28. பதின்மூன்றாம் ஆண்டில் பிறந்த மகளுக்கு 25.

இனி கூப்பிட வையுங்கள். நரைத்த 53 வயதுக்காரி 32 வயதுக்காரனை “அண்ணே” என்றுதான் கூப்பிடுவாள். வேறு வழியில்லை, வயது புரண்டாலும் முறை புரளாது. அவன் “தங்கச்சி” என்று சொல்ல வாயெடுத்து, எதிரே நிற்பவள் தன் அம்மாவைப் போல் இருப்பதைக் கண்டு நிற்கும் இடம் உங்கள் நாவலின் நடுத்தூண். 28 வயது மருமகன் தன்னைவிட நான்கு வயதே மூத்தவனை “மாமா” என்பான், பேசும்போது “வாங்க போங்க” தானாக வந்துவிடும். தங்கை வீட்டுக்காரருக்கு 56 என்றால் அவர் முறைக்கு இவனுக்கு மாப்பிள்ளை. அப்பா வயதில் இருப்பவர் இவனை “மச்சான்” என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் அவர் அந்தச் சொல்லையே தவிர்த்து, “பசியாறியாச்சா?” என்று மட்டும் கேட்டு நகர்வார். அந்தத் தவிர்ப்பே போதும், விளக்கம் எழுத வேண்டாம்.

இன்னும் ஒரு இக்கட்டு இருக்கிறது. பழைய வழக்கத்தில் சில குடும்பங்களில் அக்காள் மகளுக்குத் தாய்மாமன் மாப்பிள்ளை முறை ஆவதுண்டு. தங்கை மகள் முறைக்குள் வருவாளா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். முன்பெல்லாம் தங்கை மகளுக்கும் மாமனுக்கும் வயது வித்தியாசமே அந்தப் பேச்சுக்குக் கதவைச் சாத்திவிடும். இங்கே 25-ம் 32-ம் அந்தக் கதவைத் திறந்து வைக்கின்றன. கோயில் திடலில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒருவர் வாயில் இது ஒருமுறை வந்து, கேட்டவர்கள் முகம் சுளித்து எழுந்துபோனால் போதும். கதையை அந்தப் பக்கம் இழுத்துப்போகாதீர்கள்.

தாய்மாமன் கடமைகளைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். காதுகுத்தின்போது பிள்ளை மாமன் மடியில் உட்கார வேண்டும். பெண் பெரியவளானால் மாமன் சீர் வர வேண்டும். கல்யாணத்தில் மாமன் மாலை. இந்த 38 ஆண்டில் எத்தனை முறை மாமன் நாற்காலி காலியாக இருந்தது என்று தாளில் குறியுங்கள். தோட்டத்தில் அது காலியாக இருக்க விட மாட்டார்கள் என்பது முக்கியம். அடுத்த லயத்துக்காரர் ஒருவர் முறைக்கு மாமனாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு இப்போது 60 வயது. பிள்ளைகள் அவரைத்தான் மனசார “மாமா” என்பார்கள். நாவலுக்குப் பகையாளி தேடி நட்சத்திரத்துக்குப் போக வேண்டியதில்லை. நல்ல மனிதரான இவரே போதும். திரும்பி வந்தவன் இவருக்குக் கடன்பட்டவன், இவரோ தன் இடம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்.

மூன்றாம் படி: கடிதங்கள்

புதியவர்கள் தாண்டிப்போகும் இந்தப் படிதான் எனக்கு மிகப் பிடித்தது. செய்தி ஒளிவேகத்தில்தான் போகும், கப்பலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் விலகிக்கொண்டிருக்கும். சிப்பாய் தன் கடிகாரப்படி ஆண்டுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறான் என்று வையுங்கள். முதல் கடிதம் அவன் புறப்பட்டு 1 ஆண்டு 9 மாதத்தில் வீட்டுக்கு வரும். இரண்டாவது 6 ஆண்டு 8 மாதத்தில். மூன்றாவது வரும்போது ஏறத்தாழ 20 ஆண்டு ஆகியிருக்கும்.

இதை நம் சட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டு எந்தச் செய்தியும் வரவில்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இரண்டாம் கடிதத்துக்கும் மூன்றாம் கடிதத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டு. அந்த இடைவெளியில், பதினான்காம் ஆண்டு வாக்கில், யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு அவனை இறந்தவனாக்கியிருப்பார். கெட்ட எண்ணத்தில் செய்ததாக எழுத வேண்டாம். அப்பாவுக்குப் பின் வர வேண்டிய சிறு தொகையை எடுக்கவோ, தங்கையின் கல்யாணச் செலவு அடைக்கவோ செய்திருப்பார்கள். கருமாதியும் முடிந்திருக்கும். சுவரில் அவன் படம் மாட்டி, பிளாஸ்டிக் மாலை போட்டு, சின்னச் சிவப்பு விளக்கு எரியும். இருபதாம் ஆண்டில் மூன்றாம் கடிதம் வரும்போது படத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று அம்மாவும் தங்கையும் பேசிக்கொள்ளும் அத்தியாயத்தை மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டால் உங்கள் நாவல் நின்றுவிடும்.

மாதம் ஒரு கடிதம் அனுப்ப விட்டால் இந்த ஏழாண்டு இடைவெளி அடைந்துபோகும். ஆகவே ஆண்டுக்கு ஒன்று என்று இராணுவம் கட்டுப்படுத்துவதாகக் காரணம் வையுங்கள்.

எதிர்த்திசையைப் பாருங்கள். வீட்டிலிருந்து போகும் செய்தியும் கப்பலைத் துரத்தித்தான் பிடிக்க வேண்டும். போகும் பயணத்தின் 5.7 ஆண்டு முழுக்க அவனுக்குக் கிடைப்பது முதல் 22 மாத வீட்டுச் செய்தி மட்டும். போர் நடக்கும் ஓராண்டில் அதற்கடுத்த ஓராண்டுச் செய்தி வரும். திரும்பிப் புறப்பட்டதும் மீதி 35 ஆண்டும் அவன் மேல் வந்து கொட்டும். அதுவும் சீராக வராது. திரும்பும் பயணத்தில் அவனுக்கு மூன்று ஆண்டு மிச்சம் இருக்கும்போது தொடங்கி, இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கும்வரை உள்ள ஒரே ஓராண்டில் வீட்டின் பதின்மூன்று ஆண்டு வந்து சேரும். அம்மா இருபத்தோராம் ஆண்டில் இறந்திருந்தால் அந்தச் செய்தி வருவது இந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் தங்கை மகள் பெரியவளான செய்தி, லயம் இடிக்கப்பட்ட செய்தி, முறை மாமன் சீர் கொண்டுவந்த செய்தி எல்லாம். கப்பலில் தீட்டுக் காப்பதா, மொட்டை அடிப்பதா, யாரிடம் சொல்லி அழுவது? போர்க்களத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு இந்த ஓராண்டுக்கு நிறையப் பக்கம் கொடுங்கள்.

அவன் திரும்பும் வழியில் எழுதும் கடிதங்களோ எல்லாம் ஊருக்குக் கடைசி 22 மாதத்துக்குள் வந்து சேரும். பல ஆண்டுக்கு ஒன்றாகக் கடிதம் கண்ட வீட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் ஐந்தாறு கடிதம். தயாராக அவர்களுக்கு இருக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

நான்காம் படி: போர்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே சுருக்கமே நல்லது. ஒரு செக்‌ஷனுக்குப் பத்துப் பேர் அளவு, மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளாட்டூன். வாசகர் நினைவில் நிற்பது நான்கு முகம். ஆகவே முப்பது பேரில் நால்வருக்கு மட்டும் குரல் கொடுங்கள். பதவிப் பெயர்களை நம் இராணுவத்தில் சொல்வதுபோலவே பிரெபெட், லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன் என்று வையுங்கள். தமிழில் புதிதாக ஆக்கிய பதவிப் பெயர்கள் முகாமில் யார் வாயிலும் ஒட்டாது.

உச்ச வேகத்தில் சண்டை வேண்டாம். 99.5 விழுக்காடு வேகத்தில் 1 கிராம் கல் மோதினால் ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு ஆற்றல் வெளிப்படும். குறிபார்த்துச் சுட்டு விளையாட இடமே இல்லை. சண்டை வேகம் இறங்கியபின், தரையில். வெற்றிடத்தில் சூடு கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். ஆகவே கவச உடைக்குள் சிப்பாயின் முதல் எதிரி அவன் உடம்புச் சூடுதான். திருவோணம் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது, அதனால் நடுவில் புடைத்து மேலும்கீழும் தட்டையாக இருக்கிறது. அதை நம் சூரியனைப்போல் உருண்டையாக வருணித்தால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். சூரியனைவிட மிக இளைய நட்சத்திரம் வேறு. அங்கேயே பரிணமித்த எதிரிக்குக் காலம் போதாது. எதிரியும் வேறெங்கிருந்தோ வந்தவன் என்று வையுங்கள், அவனுக்கும் திரும்பிப்போக ஓர் ஊர் இருக்கும்.

இன்னொன்று. கட்டளை பூமியிலிருந்து வர 16.7 ஆண்டு. போர் முடிந்ததா என்று கேட்டுப் பதில் வாங்க 33 ஆண்டுக்கு மேல். யாரும் நடுவில் நிறுத்த முடியாத போர் இது. சிப்பாய் புறப்படும்போது கையில் இருந்த ஆயுதம் களத்தில் இறங்கும்போது ஊர்க் கணக்கில் 18 ஆண்டுப் பழசு என்பதையும் மறக்க வேண்டாம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இராணுவத்தில் ஒன்று மட்டும் புதிதாக இருக்காது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்ததைப் பார்த்தே அவன் தாத்தா காலம் ஓடியது. முகாமின் காலை அணிவகுப்பை அந்தப் பெரட்டோடு ஒரே ஒருமுறை இணையுங்கள். இரண்டாம் முறை இணைத்தால் அலுக்கும்.

ஐந்தாம் படி: 38 ஆண்டில் ஊர் எவ்வளவு மாறும்?

எதிர்கால ஊரை எழுதும்போது பறக்கும் கார் வந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. உண்மையில் நடந்த ஒரு 38 ஆண்டை அளவுகோலாக எடுங்கள். 1970-ஐயும் 2008-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

1970-இல் ரப்பர்தான் அரசன். பால்வாளி, ஒட்டுப்பால், புகைக்கூண்டு. 2008-க்குள் மலேசியாவில் செம்பனை 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்தது. 1970-இல் லயத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பகுதி 2008-இல் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலும் அடுக்குமாடிகளிலும் இருந்தது. தோட்ட வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்திருந்தார்கள். 1975-இல் பணத்துக்கு ரிங்கிட் என்று அதிகாரபூர்வப் பெயர் வந்தது, நாமோ இன்னும் வெள்ளி என்றே சொல்கிறோம். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. 2007-இல் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரே பெஸ்தாரி ஜெயா ஆனது. மாறியது தொழில், வீடு, அக்கம்பக்கத்து ஆள், பெயர்ப்பலகை. மாறாதது பணத்தைக் கூப்பிடும் வார்த்தை, கோயில் இருக்கும் இடம், தமிழ்ப்பள்ளியின் பெயர். தோட்டம் போய்விட்டாலும், பள்ளி தாமானுக்குள் இடம் மாறிவிட்டாலும், பலகையில் பழைய தோட்டத்தின் பெயர் நிற்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். திரும்பி வந்த சிப்பாய் தன் தோட்டத்தின் பெயரை முதலில் வாசிக்கப்போவது அந்தப் பலகையில்தான்.

உங்கள் எதிர்கால 38 ஆண்டிலும் இதே அளவு மாற்றம், இதே அளவு மாறாமை வையுங்கள். புதிய தொழில் ஒன்று, புதிதாக வந்த வேலையாட்கள் ஒரு கூட்டம், பெயர் மாறிய இடம் ஒன்று, மாறாத வார்த்தை ஒன்று.

காலத்தைக் காட்ட மரத்தைவிட நல்ல கடிகாரம் கிடையாது. செம்பனை நட்டு மூன்று ஆண்டு வாக்கில் குலை வெட்டத் தொடங்கும், 25 ஆண்டு அளவில் அழித்து மறுநடவு செய்வார்கள். சிப்பாய் புறப்பட்ட ஆண்டில் கன்று நட்டிருந்தால் அவன் இல்லாதபோது அந்த மரமெல்லாம் வளர்ந்து, காய்த்து, வீழ்ந்து, அதன் மேல் நட்ட அடுத்த தலைமுறைக்கே இப்போது 13 வயது. அவன் போனபோது இடுப்பளவு கன்று. இளமரத்தில் குலையை உளியால் குத்தி இறக்குவார்கள், உயர்ந்தபின் நீளக் கம்பில் பொருத்திய அரிவாள் வேண்டும். திரும்பியவன் கம்பு அரிவாளைப் பார்த்து, “நான் வைத்த கன்றா இது” என்று நினைப்பான். பக்கத்தில் நிற்பவர், “அது போயி பதிமூணு வருசம் ஆச்சு, இது அடுத்த நடவு” என்பார். ஓர் உரையாடலில் 38 ஆண்டும் அடங்கிவிடும். எக்டேருக்கு ஏறத்தாழ 136 மரம், முக்கோண நடவு. இராணுவத்தான் கண்ணுக்கு அந்த வரிசை அணிவகுப்பாகவே தெரியும், அதையும் ஒருமுறை சொல்லலாம்.

ஈப்போவிலிருந்து வரும் வழியில் சுண்ணாம்புக் குன்றுகளை மாறாத அடையாளமாக வைக்கத் தோன்றும். கிந்தா பள்ளத்தாக்கில் கல்லுடைப்பு குன்றுகளையே தின்றுகொண்டிருக்கிறது. ஒரு குன்றைப் பாதியாகக் காட்டுங்கள்.

ஆறாம் படி: சம்பளமும் வீடும்

இராணுவம் எந்தக் கடிகாரப்படி சம்பளம் தரும்? பன்னிரண்டரை ஆண்டுக்கா, 38 ஆண்டுக்கா? கதை தொடங்குமுன் முடிவு செய்துவிடுங்கள். கப்பல் கடிகாரம் என்றால் குடும்பம் ஏமாந்ததாக நினைக்கும். ஊர்க் கடிகாரம் என்றால் அரசாங்கம் தயங்கும். அந்த வழக்கே ஒரு துணைக்கதை.

சேர்த்துவைத்த பணத்துக்கும் கணக்கு உண்டு. ஊழியர் சேமநிதி வாரியம் சட்டப்படி உறுதி தரும் குறைந்தபட்ச லாப ஈவு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. அந்த வீதத்தில் 1,000 வெள்ளி 38 ஆண்டில் ஏறத்தாழ 2,556 ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறியிருந்தால் அன்று 1,000 வெள்ளிக்கு வாங்கியதை இன்று வாங்க 3,075 வேண்டும். புத்தகத்தில் பணம் இரண்டரை மடங்கு, கடையில் அது பழைய அளவுகூட இல்லை. திரும்பி வந்த சிப்பாய் கோடீசுவரன் ஆவதாக எழுதும் பழக்கம் இந்தப் பெருக்கலைச் செய்யாததால் வருகிறது. ஜப்பான்காரன் ஆட்சியில் வந்த, வாழைமரம் அச்சிட்ட நோட்டு 1945-இல் ஒரே நாளில் வெறும் தாளானதை நம் கிழவர்கள் சொல்லக் கேட்ட ஊர் இது. அந்த நினைவு ஒரு பாத்திரத்தின் வாயில் வரலாம்.

வீடு இன்னும் கடினம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. அப்பாவின் வேலை நின்றால் வீடும் போகும். “என் வீட்டுக்குப் போகிறேன்” என்று இறங்கும் சிப்பாய்க்குச் சட்டப்படி அங்கே ஒரு காலத்திலும் வீடு இருந்ததில்லை. அவன் படுக்கப்போவது தங்கை வீட்டு முன்கூடத்தில், தன் படத்துக்குக் கீழே.

ஏழாம் படி: முதல் வாரம்

முதல் நாளைப் பெரிய வரவேற்பாக எழுதாதீர்கள். அவன் பேச்சைத்தான் முதலில் ஊர் கவனிக்கும். 38 ஆண்டுக்கு முந்தைய பையன்களின் பேச்சு அவன் வாயில் புதுசாக இருக்கும், இப்போது அது கிழவர்களின் பேச்சு. 32 வயதுக்காரன் தாத்தாக்களைப்போல் பேசுவதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இதை எழுத, உங்கள் ஊரில் எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் அவர் இளவயதில் பேசிய சொற்களில் இப்போது யாரும் பேசாத இருபதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரட்டு, தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை, தீம்பார் என்று அவர் தொடங்கினால் நிறுத்தாமல் கேளுங்கள்.

இரண்டாம் நாள் கோயில். மூன்றாம் நாள் அடையாள அட்டை, இறந்தவன் பெயரில் முகப்பு அலுவலரிடம் நிற்கும் காட்சி. நான்காம் நாள் அம்மாவின் சமாதி. கொள்ளி வைத்தது யார் என்று அவன் கேட்டே தீர வேண்டும், பதில் மருமகனாகவோ முறை மாமனாகவோ இருக்கலாம். முதல் வாரத்தில் போரைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது, அவனும் சொல்லக் கூடாது.

சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. 1942-43-இல் சயாம் மரண ரயில் பாதைக்கு, 415 கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்துக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர் ஆயிரமாயிரமாய்க் கொண்டுபோனார்கள். பலர் வரவில்லை. வந்தவர்கள் பெரட்டில் நின்று மறுபடி பால்மரம் சீவப் போனார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லை வரை போய் வந்தவர்களும் அதே லயங்களில்தான் இருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய், தாத்தா என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். எதைச் செய்ய மாட்டார், எதைச் சாப்பிட மாட்டார், எந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்வார் என்று கேளுங்கள். அந்தப் பதில்கள் உங்கள் விண்வெளிச் சிப்பாய்க்கு அப்படியே பொருந்தும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. முதல் நாவலுக்கு 50,000 சொல் போதும், 2,000 சொல் வீதம் 25 அத்தியாயம். புறப்பாடு மூன்று, போர் நான்கு, திரும்பும் கப்பலும் கடிதங்களும் எட்டு, ஊர் பத்து. போர் அத்தியாயங்கள் எட்டாகப் பெருத்தால் ஊர் இளைத்துவிடும். எழுதும்போது இதுதான் அடிக்கடி கெடும் இடம், ஏனென்றால் சண்டை எழுதச் சுலபம்.

நாவலின் முதல் வரைவு முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் இயற்பியல் படிக்கும் மாணவர். அவரிடம் வயதுத் தாளையும் கடிதத் தேதிகளையும் மட்டும் கொடுத்தால் போதும். மற்றவர் தோட்டத்தில் வாழ்ந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண். கூப்பிடும் முறை எங்கே தவறியிருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். முழுதும் படிக்க நேரமில்லை என்றால், தங்கச்சி கதவைத் திறக்கும் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். “இந்த இடத்துல அப்படிச் சொல்லமாட்டா” என்று அவர் நிறுத்தினால், அங்கே பேனாவை வைத்து, என்ன சொல்வாள் என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.